அவருக்கு முட்டி வலி

"படி ஏற மாட்டாராம். சாய்வா ஒரு பலகை போடணுமாம்!"

போனை வைத்துவிட்டுக் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாரு ஏற மாட்டாராம்?" கொடியில் துண்டுகளை உதறிப் போட்டபடி மனைவி கேட்டாள்.

"நாய்தான்! 'நாயோட வர்றோம், அவருக்கு முட்டி வலி'ங்கிறான். நாய்க்கு எவனாவது 'அவர்' போடுவானா?"

ஏரிக்கரையில் வாடகைக்கு விடும் மரவீடுகள். காவல், துப்புரவு, வரவேற்பு எல்லாம் இவர்கள் இருவரும்தான். 'செல்லப் பிராணிகளோடு வரலாம்' என்று அறிவிப்பு வைத்ததிலிருந்து நல்ல கூட்டம். நாய்க்கு மெத்தை, தண்ணீர்க் கிண்ணம், ஏரியில் நனைந்து வந்தால் துவட்டத் தனித் துண்டு, எல்லாம் உண்டு.

"அதோட விட்டானா? குளியலறையில வழுக்காத ரப்பர் விரிப்பு. இருட்டுல தடுமாறுவாராம், நடையில சின்ன விளக்கு. வாசல்லேருந்து தண்ணி வரைக்கும் கயிறு."

"கயிறு எல்லாரும் கேக்கிறதுதானே, சங்கிலி மாட்ட."

"இடுப்பு உயரத்துல கட்டணுமாம்!"

"நாயா, குதிரையா? சரி, கேட்டதைச் செஞ்சு குடுங்க. நமக்கென்ன?"

சனிக்கிழமை காலை வண்டி வந்து நின்றது. போனில் பேசியவன்தான் ஓட்டி வந்திருந்தான்; இறங்கி நேராகப் பலகைக்குப் போனான். இரண்டு காலாலும் அதன்மேல் குதித்துப் பார்த்தான். உள்ளே போய் விரிப்பைத் தடவினான். கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

முன் இருக்கையில் அவனுடைய அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பெத்தவரை வண்டியில காயவிட்டுட்டு, நாய்க்குப் பலகை தாங்குமான்னு பாக்குது பிள்ளை. கலி முத்திடுச்சு" என்று முணுமுணுத்தாள் அவள்.

பின்கதவு திறந்தது. நாய் பந்து மாதிரி எகிறி, பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், படிகளை ஒரே தாவலில் தாண்டி வாசலில் நின்று வாலாட்டியது.

"இதுக்கா முட்டி வலி?" கணவர் வாயைப் பிளந்தார். பிறகு முன்கதவைத் திறந்து கை நீட்டினார். "வாங்க பெரியவரே, கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க."

"எதுக்கு? நான் என்ன நொண்டியா?" அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "டேய், வண்டியைத் திருப்புடா. வீட்டுக்குப் போலாம்."

மகன் ஓடி வந்தான்.

"அப்பா, அப்பா... இவனை மட்டும் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்கப்பா. படியில விட்டா விழுந்து தொலைப்பான். நான் சொன்னா எங்கே கேக்கிறான்? நீங்க பிடிச்சாத்தான் பலகை வழியா வருவான்."

நாயை இழுத்து வந்து சங்கிலியை அப்பாவின் கையில் வைத்தான்.

நாய்க்கு 'இவன்'. விழுந்து தொலைப்பான்.

துண்டு மடித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. போனில் 'அவருக்கு முட்டி வலி' என்றானே. நாய்க்கு என்று எங்கே சொன்னான்?

"அதான் நாய் நல்லாத் தாவு..." என்று ஆரம்பித்த கணவரின் காலை ஓங்கி மிதித்தாள்.

"தாவும், அப்புறம் நொண்டும்!" என்றாள் அவசரமாக. "போன தடவை வந்த நாயும் இப்படித்தான் குதிச்சுக் காலை உடைச்சுக்கிச்சு. நீங்களே பலகை வழியா கூட்டிட்டு வாங்கய்யா. பழகாத இடம், பயப்படும்."

அப்பா அவளைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். மெல்ல இறங்கினார். பலகையில் ஒவ்வோர் அடியாக வைத்து ஏறினார். நாய்க்காக.

மகன் அவளிடம் வந்தான். "கீழே விழுந்ததுலேருந்து வாசப்படி தாண்டலக்கா. கைத்தடி வாங்கிக் குடுத்தேன், ஜன்னல் வழியா வீசிட்டார். இதெல்லாம் அவருக்குன்னு தெரிஞ்சா இப்பவே கிளம்பிடுவார்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றாள் அவள்.

மாலையில் நாய் ஏரியைப் பார்த்துக் குரைத்தது. அப்பா ஒரு கையில் சங்கிலியும் மறு கையில் கயிறுமாக இறங்கினார். நின்றார். நடந்தார். மறுபடி நின்றார்.

கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மகன் வண்டிக்குப் பின்னால் ஒரே பையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

கயிறு முடிந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பா தண்ணீரில் கால் வைத்தார். ஏரி முழுக்க வெயில் பொன்னாய்க் கிடந்தது. அவர் அதைப் பார்த்தபடி நின்றார். அவள் அவரைப் பார்த்தபடி நின்றாள். உலகத்திலேயே பெரிய காரியம் ஒன்று கண்முன் நடப்பது போல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

நாய்த் துண்டை எடுத்துக்கொண்டு கிட்டே போய் நீட்டினாள்.

"கயிறு கட்டினது யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர்தாங்கய்யா."

"நல்ல முடிச்சு. என் பாரத்தையே தாங்குதே." குனிந்து காலைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "ஆனா, நாய்க்கு எதுக்கும்மா இடுப்பு உயரத்துல கயிறு?"

அவள் சட்டென்று வண்டிப் பக்கம் பார்த்தாள்.

அவர் சிரித்தார். "நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடாதே. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு மறைக்கிறான்."

பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, உரக்கக் கத்தினார்:

"டேய்! உன் நாய்க்கு முட்டி ரொம்ப மோசம்டா! நாளைக்கும் நான்தான் கூட்டிட்டு வரணும்போல!"