எழுபத்தெட்டும் எண்பதும்

"காலை நல்லாக் கழுவிட்டு வாங்கம்மா. குதிகால்ல பஞ்சு ஒட்டியிருந்தா மெஷின் தப்பாக் காட்டும்."

மதுரையிலிருந்து மெஷினோடு வந்திருந்த பெண் காலையிலிருந்து நாற்பதாவது தடவையாக இதைச் சொன்னாள். நூல் மில்லில் வேலை பார்க்கிறவள் உடம்பில் பஞ்சு ஒட்டாத இடம் ஏது என்று பாவம், அவளுக்கு யார் சொல்வது?

ராஜபாளையத்து மில் டிஸ்பென்சரி வராந்தாவில் ஸ்பின்னிங் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை, இலவசம். இலவசம் என்றால் முண்டியடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள்தான். அன்றைக்கு ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை.

போன மாதம் ஒருத்தி ஸ்பின்னிங் மெஷினுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துபோனது. இனிமேல் எலும்பு பலமில்லாதவர்களைக் கேண்டீனுக்கு மாற்றிவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. கேண்டீனில் உட்கார்ந்தபடியே காய் நறுக்கலாம். சம்பளம்தான் பாதி.

ஞானபாக்கியம் அந்தப் பாதியை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் அருள்செல்வி கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பாதிச் சம்பளம் என்றால் அந்தப் படிப்பு அத்தோடு சரி. அதனால்தான் முகாம் என்று நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, எனக்குப் பயமாக் கெடக்கு" என்றாள் பக்கத்தில் இருந்த பிச்சையம்மாள். இருவருக்கும் ஒரே ஷிப்ட், அடுத்தடுத்த மெஷின், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரே பஸ்.

"சும்மா இருட்டி. ஊசியா போடப்போறாவ? பெட்டிக்குள்ள காலை வச்சு எடுக்கணும், அம்புட்டுத்தான்" என்று அதட்டினாள் ஞானபாக்கியம். அதட்டினவளும் குதிகாலை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்து ஞானபாக்கியம். வயசு அம்பத்திநாலு." லேபர் ஆபீசர் சௌந்தரபாண்டியன் ரிஜிஸ்தரைப் பார்த்து வாசித்தார்.

ஞானபாக்கியம் குதிகாலைப் பெட்டிக்குள் வைத்தாள். ஆண்டவரே, இந்தக் குதிகாலை மட்டும் காப்பாத்தும் என்று வேண்டிக்கொண்டாள். பெட்டி செத்த நேரம் உறுமிவிட்டு ஒரு சீட்டைத் துப்பியது.

"எழுபத்தெட்டு" என்ற மெஷின் பெண், சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் விரலை ஓட்டினாள். "அம்பத்திநாலு வயசுக்கு எழுபத்தஞ்சு இருந்தாலே போதும். நல்ல எலும்பும்மா."

"அப்புறமென்ன? ரிட்டையர் ஆகுற வரைக்கும் மெஷின்லயே ஓடலாம் போ!" என்றார் சௌந்தரபாண்டியன்.

ஞானபாக்கியத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றாள்.

அடுத்தது பிச்சையம்மாள். வயது நாற்பத்தாறு. பெட்டி உறுமியது.

"எண்பது."

"ஆத்தாடி! யக்காவைவிட ரெண்டு கூட!" என்று குதித்தாள் பிச்சையம்மாள். "ஆட்டுக்காலு குடிக்காமலே!"

மெஷின் பெண் சிரிக்கவில்லை. "குதிக்காதீங்கம்மா. உங்க வயசுக்குத் தொண்ணூறாவது இருக்கணும், இது ரொம்பக் கம்மி. எலும்பு மெலிய ஆரம்பிச்சிருச்சு."

"கேண்டீன்" என்று எழுதிக்கொண்டார் சௌந்தரபாண்டியன்.

பிச்சையம்மாளுக்கு வந்ததே கோபம்! "இதென்ன சார் அநியாயமா இருக்கு? அவியளுக்கு எழுபத்தெட்டு நல்லதாம், எனக்கு எம்பது கெட்டதாம். எந்த ஊரு கணக்கு இது? உங்க பெட்டி எங்க யக்காகிட்ட சூப்பு வாங்கிக் குடிச்சிருச்சா?"

வராந்தாவே சிரித்தது. மெஷின் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "வயசாக ஆக எலும்பு தேயத்தாம்மா செய்யும். அவங்க அம்பத்திநாலுல எழுபத்தெட்டுல நிக்கிறாங்க. நீங்க நாப்பத்தாறுலயே எண்பதுக்கு இறங்கிட்டீங்க. அவங்க வயசு வரும்போது உங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்? இப்படியே விட்டா, தும்மினாக்கூட முதுகெலும்பு நொறுங்கும். வெயிட்டு தூக்காதீங்க. இந்த மாத்திரையை விடாம சாப்பிடுங்க. மதுரைக்கு வந்து பெரிய டாக்டரைப் பாருங்க."

பிச்சையம்மாள் மாத்திரை டப்பாவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அழுதாள். ஞானபாக்கியம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

பஸ்ஸிலும் பிச்சையம்மாளின் புலம்பல் ஓயவில்லை.

"நீ குடுத்துவச்சவ யக்கா. நோயும் இல்ல, நொடியும் இல்ல, முழுச் சம்பளம். எனக்குத்தான் இந்தத் தலையெழுத்து."

ஞானபாக்கியம் பிச்சையம்மாளின் முந்தானை முடிச்சையே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் மம்சாபுரம் விலக்கு தாண்டியது. பொறவு மெல்லக் கேட்டாள்.

"ஏட்டி பிச்ச, அந்த மாத்திரையில தெனம் ஒண்ணு எனக்குக் குடுக்கியா?"

"உனக்கு எதுக்குக்கா? நல்ல எலும்புன்னு எழுதியே குடுத்துட்டாவளே!"

"சும்மாதான். ஆருட்டயும் சொல்லிராத."

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அம்மை கண்டு செத்துப்போன அக்கா ஞானபாக்கியத்தின் ஞானஸ்நான சர்டிபிகேட்டை வயசுக்குக் காட்டி அந்தப் பேரிலேயே மில்லில் சேர்ந்த தங்கபாய் இவள்; அப்போது பதினாலே வயது. பிச்சையம்மாளைவிட அவள் மூன்று மாதம் சின்னவள்.