எதிர்ப்பக்கம்

ரெஜினா வீட்டுச் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒயினும் உண்டு, ஒரு விதியும் உண்டு. தான் நம்புவதற்கு எதிராகத்தான் ஒவ்வொருவரும் வாதாட வேண்டும். அன்றைய கேள்வி: அன்பு வற்றிய பிறகும் கணவன் மனைவி சேர்ந்து வாழத்தான் வேண்டுமா?

அவள் கணவன் அமலதாஸ் முதலில் எழுந்தான். சேர்ந்தேதான் வாழ வேண்டும் என்று உருகி உருகிப் பேசினான்.

விருந்தாளி பெர்னார், பாவம், சிரித்துவிட்டார். "ரூலை மறந்துட்டீங்களாண்ணே? இது அண்ணிக்கு ஐஸ் வைக்கிற இடமில்ல!"

"மறக்கல," என்றான் அமலதாஸ், மேசையைப் பார்த்தபடி.

ரெஜினா பாட்டிலின் வாயைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்து நான்தானே? பிரிஞ்சே ஆகணும்னு பேசப்போறேன். யாரும் குறுக்க பேசாதீங்க," என்றாள்.

அப்போதுதான் அமலதாஸ் தலையை நிமிர்த்தினான்.