மறுவில்லாத கண்ணன்

தியாகராசா படத்தை எடுத்ததும் முதலில் பார்த்தது கண்ணனின் முகத்தைத்தான்.

யசோதை மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக் கண்ணன். பம்பாயில் அச்சாகிக் கப்பலேறி வந்த வண்ணப்படம்.

செந்தூல் ரயில்வே பட்டறைத் தொழிலாளி சின்னையாவின் வீட்டில் அது சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வந்திருந்தார். சின்னையா காலையிலேயே அதைக் கழற்றிப் பாயில் வைத்துவிட்டுப் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டார். வீட்டில் அவர் மனைவி இராஜம்மா மட்டும் இருந்தாள்.

தியாகராசாவிடம் ஒரு பெட்டி நிறைய இப்படிப்பட்ட படங்கள் உண்டு. ஓரம் கிழிந்திருந்தாலும், நடுவில் மடிப்பு விழுந்திருந்தாலும் போனால் போகிறது என்று வாங்கிவிடுகிற மனிதர்.

இந்தக் கண்ணன் விஷயத்தில் மட்டும் அவரோடு மல்லுக்கட்ட முடியவில்லை. கிள்ளானில் பார்த்த படத்தில் கன்னத்தைப் பூச்சி அரித்திருந்தது. டெங்கில் தோட்டத்தில் பார்த்ததில் ஈரம் ஏறி முகமே பழுப்பாகியிருந்தது. கடைத்தெருவில் கிடைத்ததில் நெற்றியில் கடுகளவு ஈ எச்சம், அதையும் வேண்டாமென்றார். படம் வாங்க வந்தாரா, பெண் பார்க்க வந்தாரா என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே கேலி செய்தார்.

பேனாக்கத்தியால் சின்ன ஆணிகளை நெம்பிப் பின்பலகையைக் கழற்றினார். பலகை அடுப்புப் புகையில் கரியாகியிருந்தது. எல்லா வீட்டிலும் புகை படிவது முன்பக்கம்தான். எதையும் விடாமல் பார்க்கிறவர் இதைப் பார்க்கத் தவறினார். அவருக்கு முகம்தான் முக்கியம்.

பூதக்கண்ணாடியை வைத்து நெற்றி, கன்னம், இமை என்று நகர்த்தினார். ஒரு புள்ளி இல்லை. நீலம் நேற்று அச்சடித்தது போல இருந்தது.

அவருக்குச் சந்தோஷத்தில் குரலே உயர்ந்துவிட்டது. “இப்பிடித் துப்பரவான படத்தை நான் கண்டதே இல்லை. சாமியை நல்லா வச்சுப் பாத்திருக்கிறியள்.”

அடுப்படி வாசலில் நின்ற இராஜம்மா சிரிக்கவில்லை.

“நல்லா வச்சுப் பாக்கலங்க ஐயா. எம்புள்ள காய்ச்சல்ல போன அன்னிக்கு, அந்த மொகத்த செவுத்துப் பக்கம் திருப்பி மாட்டினேன். இத்தன வருசமும் அப்படியேதான் தொங்குச்சு.”

தியாகராசாவுக்கு வெட்கமாக இருந்தது. பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் பக்கத்தில் வந்தாள். “வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்காங்களா? இருந்தா கொண்டுபோக வேணாங்க.”

“இல்லை,” என்றார். அது உண்மைதான். கல்யாணமாகிப் பல வருடமாகியும் அவர் வீட்டில் குழந்தை இல்லை. ஆனாலும் அதைச் சொல்லும்போது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் பார்வையைத் திருப்பியது இராஜம்மாவின் கண்ணில் பட்டது.

“எத்தனாவது மாசம்?”

“எட்டு.”

மனைவி பூரணத்தின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அவர் ஏற்கனவே ஆணி அடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். காலையில் கண் விழித்ததும் மறுவில்லாத குழந்தை முகத்தில் விழித்தால், பிறக்கிற பிள்ளையும் அப்படியே பிறக்குமாம். பூரணம் சொன்னபோது மூடநம்பிக்கை என்று சிரித்தவர் அவர்தான். பிறகு பூதக்கண்ணாடியோடு வீடு வீடாக அலைந்தவரும் அவர்தான்.

இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று இப்போது சொன்னால் படம் கிடைத்துவிடும். சொல்ல நா எழவில்லை.

அந்தப் படம் இன்றோடு வீட்டைவிட்டுப் போய்விடும் என்று விடிந்ததிலிருந்து காத்திருந்தவள் இராஜம்மா. அவர் கையிலிருந்து அதை அவளே வாங்கினாள். பலகையை வைத்து, கத்திப் பிடியால் ஆணிகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

பிறகு எழுந்து, கண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினாள்.