தொரைக்குத் திமிங்கலம் பார்க்கணும்

"புஸ்ஸ்ஸ்... புஸ்ஸ்ஸ்..."

ஆபீசுக்கு வெளியே நின்ற வேலம்மா, தொரையின் காருக்கு டயர் போய்விட்டது என்றுதான் நினைத்தாள். எட்டிப் பார்த்தால், சத்தம் தொரையின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"இப்படித்தான் தண்ணி விடும், சில்வெஸ்டர். தென்னமரம் ஒசரம்."

"ஆமாங்க சார்," என்றார் கிராணி சில்வெஸ்டர், டைப் அடித்தபடியே.

ஆறு மாத லீவில் தொரையும் தொரைசானியும் நியூசிலாந்து போகிறார்கள். படகில் ஏறித் திமிங்கலம் பார்க்க. கூடவே சீல், டால்பின், பென்குயின். ஒரு மாதமாக எஸ்டேட்டிலிருந்து ரப்பரைவிடக் கடிதம்தான் அதிகம் ஏற்றுமதி. கப்பல் கம்பெனிக்கு, ஓட்டலுக்கு, பைனாக்குலர் கடைக்கு.

காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் மற்ற எஸ்டேட்டுகளைப் போல இங்கேயும் எமர்ஜென்சி முள்வேலி போட்டு இரண்டு வருஷம். தொரை கையெழுத்து இல்லாமல் ஒருத்தரும் கேட்டைத் தாண்ட முடியாது. பக்கத்து ஜெராமுக்குப் போய் மீன் வாங்கவும் பாஸ் வேண்டும். மீனைப் பார்க்க நியூசிலாந்து போகிறவர்தான் அந்தப் பாஸைக் கொடுக்கிறவர்.

வாசலில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி வழி மறித்தான்.

"என்னா வேலம்மா, வாளி கழுவுற நேரத்துல இங்க என்னா சோலி?"

"தொரையப் பாக்கணும்."

"தொரை திமிங்கலம் பாத்துக்கிட்டிருக்காரு. ஒன்னையப் பாக்க நேரமில்ல லா."

அவள் அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

"நாளைக்கு எம் புருசனக் கப்பல் ஏத்துறாங்கய்யா. கேம்புலேருந்து காயிதம் வந்திருச்சி. போர்ட் சுவெட்டன்ஹாம்ல. ஒரு நா பாஸ் குடுங்க. மொகத்த மட்டும் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

புருஷன் தங்கராஜு, தொழிலாளர் சங்கத்துக்கு ஆள் சேர்த்தான் என்று பிடிபட்டுக் கேம்பில் அடைபட்டவன். ஏழு வயதில் விட்டு வந்த இந்தியாவுக்கு இப்போது நாடு கடத்துகிறார்கள். பெண்டாட்டியை அனுப்புவது பற்றிப் பிறகு பார்ப்பார்களாம். பிறகு என்றால் எப்போது என்று காயிதத்தில் இல்லை.

"பாஸ் இல்லே," என்றார் தொரை. "கெட்ட ஆள் அவன். கப்பல் போறது பாத்து நீ என்னா பண்ணப் போறே?"

சொல்லிவிட்டு, கையிலிருந்த படத்தை அவளுக்கே திருப்பிக் காட்டினார். பெரிய திமிங்கலம், அதை ஒட்டிக்கொண்டு ஒரு சின்னது.

"பாரு. அம்மா, குட்டி. விட்டுப் பிரியாது. ரொம்பப் பாசம். தொரைசானி இது பாத்து அழுதுச்சு."

வேலம்மா கிராணியைப் பார்த்தாள். நாலெழுத்துப் படித்த நம்ம ஆள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?

சில்வெஸ்டர் டைப் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெளில போம்மா. சாருக்குக் கையெழுத்து வேல கெடக்கு."

பிறகு கடித அடுக்கைத் தொரையிடம் நீட்டினார். "திமிங்கலக் கடிதம் எல்லாம் இதுல இருக்கு சார். தபால் போற நேரம்."

"அம்மாவும் குட்டியும் எந்த மாசம் கரைகிட்ட வருது, கேட்டு எழுதியாச்சா?"

"மொதக் கடிதமே அதுதான் சார்."

தொரையின் முகம் மலர்ந்தது. முதல் கடிதத்தை ரசித்து ரசித்துப் படித்தார். மற்றதிலெல்லாம் படிக்காமலே மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

வெளியே வந்தவளிடம் நல்லசாமி கிசுகிசுத்தான். "கிராணியப் பாத்தியா? ஞாயித்துக்கெழம சாமிக்கு முட்டி போடுறாரு. மத்த நாளெல்லாம் தொரைக்கு."

பின்னாலேயே சில்வெஸ்டர் வந்தார். கையில் ஒரு கவர்.

"இந்தா. நாளைக்குக் காலைல கேட்ல ஜக்கரியாகிட்ட குடு. தொரையோட திமிங்கலக் கடிதம். நனைச்சிராத."

"நானா?"

"வேற யாரு? வந்து நின்னு பேச மட்டும் நேரமிருக்குல்ல?"

நல்லசாமி சிரித்துவிட்டான். "போ வேலம்மா. புருசனப் பாக்க முடியாட்டி என்னா? மீனுக்குத் தபால்காரி ஆயிட்ட."

லயத்து வீட்டுக்குப் போனதும் கவரை அடுப்பில் போட இரண்டு முறை அவள் கை போனது. தொரை பேருக்குப் பயந்து இழுத்துக்கொண்டது.

மறுநாள் காலை ஊரடங்கு முடிந்து கேட் திறந்தது. ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்களின் பால் வாளிகளைக் காவல்காரன் ஜக்கரியா ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தான். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு யாரும் ஒரு பிடி அரிசி கொண்டுபோய்விடக் கூடாது.

வேலம்மா கவரை நீட்டினாள். பிரித்துப் படித்தான். அவளைப் பார்த்தான். திரும்பவும் படித்தான்.

"இதுல என்னா எழுதியிருக்குன்னு தெரியுமாக்கா?"

"எனக்கு என்னா தெரியும். திமிங்கலமாம்."

"திமிங்கலந்தான்." குரலைத் தாழ்த்தி, இங்கிலீஷைத் தமிழாக்கி வாசித்தான். "இதைக் கொண்டுவரும் வேலம்மா, நியூசிலாந்துப் பயணத்துக்கான தாள்களை வாங்க வியாழக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு அனுப்பப்படுகிறாள். இந்தியாக் கப்பல் கிளம்பும்வரை அவள் அங்கேயே காத்திருக்க வேண்டும். வழியில் யாரும் தடுக்கக் கூடாது." தாளின் அடியில் விரலை வைத்தான். "கீழ தொரை கையெழுத்து இருக்கு."

வேலம்மாவின் கையிலிருந்த வாளி மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

ஜக்கரியா கடிதத்தை மடித்து அவள் கையில் திணித்தான்.

"ஏழு மணி பஸ்ஸப் புடிங்கக்கா. கண்ணுக்கு மறையிற வரைக்கும் நின்னு பாத்துட்டு வாங்க."

அப்புறம் அடுத்த ஆளின் வாளிக்குள் கையை விட்டு, அரிசி இருக்கிறதா என்று துழாவ ஆரம்பித்தான்.