சைக்கிள் டைம்

ரங்கநாதன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் முதுகில் கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

"காலையில தொட்டப்ப நல்லா சூடா இருந்துச்சே! இப்ப ஏன் இப்படி ஜில்லுனு கிடக்குது?"

"கத்தாதீங்கப்பா. கம்ப்யூட்டருக்கு என்ன ஜன்னியா கண்டிருக்கு?" என்றாள் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மகள் ரூபினி.

அவள் காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. இப்போது காலேஜ் இல்லை. எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு நோய்; அதன் பெயர் இன்னும் ரங்கநாதன் வாயில் நுழையவில்லை. மருந்தே கிடையாது என்று பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மருந்து இல்லையென்றால் கண்டுபிடித்தால் போயிற்று என்று நினைக்கிற ரகம் ரங்கநாதன். எங்கோ ஒரு வெளிநாட்டு ஆய்வுக்கூடம் அந்த நோய்க்கு மருந்து தேடுகிறது, எந்த மூலக்கூறு எதில் போய் ஒட்டும் என்கிற கணக்கை உலகத்திலுள்ள வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பங்கு போட்டு அனுப்புகிறது என்று அவர் வேலை பார்க்கும் பீன்யா ஃபேக்டரியில் இன்ஜினியர் லாயிட் பேச்சுவாக்கில் சொல்லப்போக, அன்றைக்கே அவனை வீட்டுக்கு இழுத்து வந்து அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வைத்துவிட்டார். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்றிலிருந்து மனிதருக்கு அதுதான் சாமி. கணக்கு ஓடினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். நடுவில் ஒரு தடவை அங்கிருந்து கணக்கே வராமல் போனபோது, திரும்ப வரும்வரை தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இப்போது வேறு கவலை. முன்பெல்லாம் கணக்குகள் வந்த வேகத்தில் முடிந்தவைதான். இந்த வாரம் வந்தது மட்டும் முடியவே மாட்டேன் என்கிறது. ராத்திரி மகள் தூங்க வேண்டுமென்று அவரே அணைத்துவிடுவார், ஓடுவதெல்லாம் பகலில்தான். ஆனால் வேலைக்குப் போகும்போது திரையில் பார்த்த சதவீதம், திரும்பி வரும்போதும் அப்படியே நிற்கிறது.

ரங்கநாதன் லேத் ஓட்டி வளர்ந்தவர். ஒரு பீஸை முடிக்க இத்தனை நிமிடம் என்று உண்டு, அதுதான் சைக்கிள் டைம். அது கூடினால் டூல் மழுங்கியிருக்க வேண்டும், இல்லை எவனோ மெஷினில் கை வைத்திருக்க வேண்டும். மூன்றாவது காரணம் அவர் அகராதியில் கிடையாது.

"துடைக்கிறேன்னு நீ இதுகிட்ட வர்றியா?" என்று சமையலறைப் பக்கம் திரும்பி மனைவி மேல் பாய்ந்தார்.

"நீங்க பூஜை பண்ற இடத்துக்கு நான் ஏன் வர்றேன்?" என்றாள் சீதாலட்சுமி.

"போன வாரம் இங்கிலீஷ்ல பெருசா என்னமோ வந்துச்சே ரூபி, அதனாலயா?"

"அது சும்மா அப்டேட்டுப்பா." ரூபினி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதான் ஓட ஆரம்பிச்சிடுச்சு பாருங்க. போய் சாப்பிடுங்க."

உண்மைதான். உள்ளே ஃபேன் மெல்ல இரைய ஆரம்பித்திருந்தது. ரங்கநாதன் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

மறுநாள் கேன்டீனில் விஷயத்தைக் கேட்டு லாயிட் சிரித்தான். "சார், இது லேத் இல்ல. சின்ன மாலிக்யூல்னா சட்டுனு முடிஞ்சிடும். சிக்கலானதுன்னா நாள் கணக்குல இழுக்கும். ஸ்வல்ப... கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கறேன்ப்பா. பகல் பூரா ஒரு புள்ளி கூட நகரலையே, அது ஏன்?"

கை கழுவ எழுந்தவன் நின்றான். "அப்படின்னா யாரோ கம்ப்யூட்டரை யூஸ் பண்றாங்க சார். மவுஸ் அசைஞ்சாலே இந்தக் கணக்கு நின்னுடும். வீட்டுக்காரங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க."

ஆக, மெஷினில் கை வைத்திருக்கிறார்கள்! ரங்கநாதனுக்கு ரத்தம் கொதித்தது. பர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஏறினார். சீதாவை இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுவது என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே வந்தார்.

வீட்டில் சீதா இல்லை, கடைக்குப் போயிருந்தாள். ரூபினிதான் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, கையை எட்டி நீட்டி மவுசை அசைத்துக்கொண்டிருந்தாள். திரையில் படமில்லை, பாட்டில்லை. கொஞ்ச நேரம் அசைப்பாள், கை வலித்ததும் விடுவாள், மறுபடியும் அசைப்பாள்.

ரங்கநாதன் வாசலிலேயே நின்றுவிட்டார். "உனக்காகத்தானே கண்ணு இது ஓடுது! நீயே நிறுத்தி வைக்கிறியே, பொழைக்கணும்னு ஆசையே விட்டுப் போச்சா?"

அவள் திடுக்கிட்டாலும் கையை எடுக்கவில்லை.

"அன்னைக்கு வந்தது அப்டேட் இல்லப்பா. தேடினதுல ஒண்ணும் சரிவரலையாம். அந்த ஆராய்ச்சியையே மூடறாங்க. நம்மகிட்ட இருக்கறதுதான் கடைசிக் கணக்கு, இதுக்கப்புறம் எதுவும் வராது."

ரங்கநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுமே இல்லைன்னு ஆனப்புறம்... இதை ஏம்மா முடிய விடாம பிடிச்சு வச்சிருக்கே?"

"முடிஞ்சிட்டா நீங்க சாப்பிட மாட்டீங்களேப்பா."