எலிகளுக்கு வந்த வாழ்வு

“ஒண்ணுகூடச் சாகலையே அக்கா!”

எலிக்கூண்டுகளின் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார் ஆராய்ச்சி மாணவர்.

“நல்லாத்தானே இருக்குதுங்க தம்பி, அதுக்கா அழறீங்க?” என்றாள் எலிகளுக்குத் தீனி வைக்கும் அக்கா.

இரண்டு கூண்டுக்கும் அவர் வைக்கச் சொன்னது பூசணம் பிடித்த மாவு. ‘ஆ’ கூண்டுக்கு மட்டும் கூடவே கேரட்டும் கீரையும். அவற்றிலுள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து பூசண விஷத்தை மட்டுப்படுத்துமா என்பதுதான் ஆராய்ச்சி. நியாயமாக இந்த இரண்டு மாதத்தில் ‘அ’ கூண்டு எலிகள் சுருண்டிருக்க வேண்டும். அவையோ மாமியார் வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி கொழுகொழுவென்று திரிந்தன.

“நாளைக்குத் தேர்வுக் குழு வருதுக்கா. ரெண்டு கூண்டும் ஒரே மாதிரி இருந்தா நாலு வருஷ உழைப்பு போச்சு, பட்டமும் போச்சு.”

“முதல்ல வயித்துக்கு ஏதாவது போடுங்க. உங்களைப் பார்த்தா எலியே தேவலாம்” என்று டப்பாவை நீட்டினாள்.

அக்கா வீட்டில் சுட்டுவரும் பிஸ்கட். லேசாகக் கசக்கும். தினமும் தேநீரோடு நாலைந்து தின்று அவருக்கு அது பழகிவிட்டது. ஒன்றைக் கடித்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“அக்கா, எலிங்களுக்கு எந்த டின்லேர்ந்து மாவு எடுக்கறீங்க?”

“வெளியில இருக்கே, அந்தக் கோதுமை மாவு.”

“ஐயோ! அலமாரியில தனியா வெச்சேனே, அது?”

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “கோவிச்சுக்காதீங்க தம்பி. அவ்வளவு சத்தான மாவை எலிக்குக் கொட்ட எனக்கு மனசு வரல.”

“சத்தான மாவா? டின் மேல எழுதியிருந்தேனே!”

“எழுதியிருந்தீங்க. அவசரத்துல ஒரு சுழி விட்டுட்டீங்க. நான்தான் போட்டு விட்டேன்.”

கடித்த பிஸ்கட்டோடு ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். அவர் எழுதிய ‘பூசண மாவு’, அழகாக ‘பூசணி மாவு’ ஆகியிருந்தது. டின் காலி.

“மாவு எங்கக்கா?”

“வீணாக்கல தம்பி. எலும்பும் தோலுமா இருக்கீங்களேன்னு...” என்று அக்கா அவர் கையிலிருந்த பிஸ்கட்டைக் காட்டினாள்.

அடுத்த நொடி ‘ஆ’ கூண்டுக்குள் கையை விட்டு, ஒரு துண்டு கேரட்டுக்காக எலிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் அவர்.