காற்றுக்குக் காத்திருந்தோர்

"காத்துப் பிரிஞ்சுதோ, குஞ்சு?"

டொக்டர் சிவகௌரி குனிந்து கேட்டார். ஆறு வயதுத் தர்மிகா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, இல்லையென்று தலையசைத்தாள். தாய் புஷ்பராணி கணவரைப் பார்த்தாள். நித்தியானந்தன் சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கோயிலில் வெள்ளிதோறும் பண்ணோடு திருமுறை ஓதும் வாய் அவருடையது. அவர் வீட்டில் அந்தச் சொல் புழங்கியதில்லை. அப்படி ஒன்று உலகில் உண்டு என்பதையே அந்தக் குடும்பம் நாகரிகமாக மறந்திருந்தது. இப்போதோ நாளுக்கு மூன்று முறை டொக்டரும் தாதியும் அதையே வாய்விட்டு விசாரிக்கிறார்கள்.

காரணம் சிறியதன்று. வெடித்த குடல்வாலை அறுத்தெடுத்து நான்கு நாள்களாகியும் பிள்ளையின் குடல் துயில் நீங்கவில்லை. காற்றுப் பிரிந்தால் குடல் விழித்தது என்று பொருள். அதன் பின்னரே வாய்க்கு உணவு. கார்முகிலை நோக்கும் சாதகப் புள்ளைப்போல, அந்த அறை ஓர் ஒலிக்காக ஏங்கிக் கிடந்தது.

"ரெண்டு நாளா யப்பான் மருந்து குடுக்கிறம்," என்று சிவகௌரி குறிப்பேட்டைப் புரட்டினார். ஒசாக்காவில் ஓராண்டு தங்கிக் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவம் பயின்று வந்தவர் அவர். அறுவைக்குப் பின் அங்கே கொடுக்கும் மூலிகைத் தூளை இங்கும் நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்திருந்தார். "ஆறு பக்கெற். எல்லாம் குடிச்சிட்டாள்தானே?"

"கிண்ணத்திலை ஒரு சொட்டு மிஞ்சேல்லை, டொக்டர்," என்றாள் புஷ்பராணி. "நான் குடுத்தா வாயே திறக்க மாட்டாள். இவர்தான் பருக்கிறார்."

சொல்லும்போதே அவளுக்குப் பெருமிதம். இரண்டு நாளுக்கு முன் முதல் கரண்டியைத் தர்மிகா தாயின் சட்டையிலேயே துப்பியபோது, அவளுக்கு வந்த ஆத்திரம் கணவர்மேல்தான் பாய்ந்தது.

"ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் தேவாரம் சொல்லிக் குடுக்கிறியள். பெத்த பிள்ளைக்கு நாலு கரண்டி மருந்து பருக்க ஏலாதோ?"

"ஏன் ஏலாது? நீர் வெளியிலை நில்லும். நீர் நிண்டாத்தான் அவள் செல்லங் கொட்டுறாள்."

கதவு சாத்தப்பட்டது. ஐந்தே நிமிடத்தில் கிண்ணம் வெறுமையாக வெளியே வந்தது. அன்று தொட்டு ஒவ்வொரு வேளையும் அப்படியே. "என்ன மந்திரம் போட்டனீங்கள்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், நித்தியானந்தன் அடக்கத்தோடு புன்னகைத்தார்.

"அதுக்குள்ளை என்னென்ன கிடக்கு, டொக்டர்?" என்று அவர் இப்போது கேட்டார்.

"வேர்க்கொம்பு, ஜின்செங் வேர், யப்பான் மிளகு ஒரு சாதி, முளைவிட்ட தானியத்திலை எடுக்கிற சீனி. குடலைத் தட்டி எழுப்பி விடும். வளந்த ஆக்களே குடிக்கேக்கை முகஞ் சுளிப்பினம். உங்கடை மகள் கெட்டிக்காரி."

"ஓம், நல்ல உறைப்பு," என்றார் நித்தியானந்தன்.

சிவகௌரி குறிப்பேட்டை மூடினார். "அதுதான் அண்ணை எனக்கு யோசினை. இவ்வளவு குடிச்சும் அசையேல்லை எண்டா, குடல் உள்ளுக்குள்ளை எங்கையோ ஒட்டிக்கொண்டு நிக்கவேணும். திறந்துதான் பாக்கவேணும். பின்னேரம் மூண்டு மணிக்கு ஒப்பரேசனுக்குத் தெர்மீன் எடுத்திருக்கிறன்."

"திரும்பவும் வெட்டோ?" புஷ்பராணி கட்டிலின் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

போர்வைக்கு மேலே தர்மிகாவின் கண்கள் தந்தையைத் தேடின. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்; ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அப்போது அது நிகழ்ந்தது.

சங்கொலி என்றால் மிகை. குழலொலி என்றால் குறை. ஆயினும் ஐயத்துக்கு இடமின்றி, தெளிவாக, நீளமாக, நான்கு சுவரிலும் பட்டு எழுந்தது.

 சிவகௌரி கைதட்டினார். வாசலில் எட்டிப் பார்த்த தாதி "பிராவோ" என்றாள். புஷ்பராணி அழுகையும் சிரிப்புமாக மகளின் நெற்றியில் முத்தமிட்டாள்.

"நான் இல்லை," என்றாள் தர்மிகா.

"வெக்கப்படாதை, என்ரை ராசாத்தி. இதுக்குத்தானே நாலு நாளாக் கும்பிட்டது."

"நைன், அம்மா," என்று பிள்ளை ஜெர்மனில் மறுத்தாள். " நான் இல்லை."

"எல்லாம் அப்பாவின்ரை வளர்ப்பு, டொக்டர். லேசிலை ஒத்துக்கொள்ளாள்."

சிவகௌரி தொலைபேசியில் மூன்று மணிக்குக் குறித்த அறுவையை நிறுத்திவைக்கச் சொன்னார். "ஒரு கரண்டி குடுத்துப் பாப்பம்," என்றார். தாதி மரக்கறிச் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். புஷ்பராணி அதை ஊதி ஆற்றினாள்.

நித்தியானந்தன் நின்ற இடத்திலேயே நின்றார். கண்கள் மூடியிருந்தன, உதடுகள் அசைந்தன. அம்பாளுக்கு நன்றி சொல்கிறார் என்று எண்ணி அவள் மனம் நெகிழ்ந்தாள்.

கரண்டி பிள்ளையின் உதட்டை நெருங்கியது.

"குடுக்காதையும்." அவர் கை குறுக்கே நீண்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்கும் அந்தக் குரல், முதன்முறையாகச் சுருதி இறங்கிற்று.

"டொக்டர், உங்கடை மருந்திலை ஒரு பிழையும் இல்லை, அது நல்லாத்தான் வேலை செய்யுது. பிள்ளை அழுகிறாள் எண்டு, ஆறு பக்கெற்றையும் குடிச்சது நான்."